மிச்சம் விழுந்த தாள்

திருப்பூருக்கு வந்த பிறகு மாரிச்செல்விக்கு அம்மாவின் குரலைவிட, அந்தக் குரலுக்குப் பின்னால் கேட்கிற சத்தம்தான் பெரிசாகிப்போனது.

அம்மா ராமுத்தாய்க்கு எழுத்துக் கூட்டி அனுப்ப வராது. பேசித்தான் அனுப்புவாள். அதுவும் வீட்டிலிருந்து அனுப்ப மாட்டாள். சிவகாசியில் ரத்தினசாமி அண்ணாச்சியின் அச்சாபீஸில், தாள் எடுக்கிற மேசையில் நின்றபடியே போனை வாய்ப்பக்கம் வைத்துக்கொண்டு சத்தம் போடுவாள்.

"ஏத்தா மாரி, சாப்பிட்டியா? இங்கன வெயிலு மண்டையப் பொளக்குது. ஒங்கப்பா உளவுக்கு டிராக்டர் கேட்டு மல்லாங்கிணறு போயிருக்காக. நீ அந்தப் பனியன் தூசியில மூக்கக் கட்டிக்க. படிக்கியா? படி. கண்ணு வலிச்சா நிப்பாட்டிரு. கற்பகவல்லி அத்தை கேட்டதாச் சொன்னா. வச்சிருதேன்."

இந்தப் பேச்சுக்கு நடுவில், பின்னாலிருந்து, டக்கு டக்கு என்று ஒரு தட்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் டக்கு டக்கு. ஓவர்லாக் மிஷின்கள் ஓயாமல் இரைகிற கம்பெனியில் எட்டு மணி நேரம் பீஸ் எண்ணிவிட்டு அறைக்கு வந்ததும், மாரிச்செல்வி அந்தக் குரல்களை வரிசையாகப் போட்டுக் கேட்பாள். கூட இருந்த ஓவியா சிரிப்பாள்.

"எல்லாரும் பாட்டுக் கேப்பாங்க. நீ என்னக்கா, யாரோ கதவத் தட்டுறதக் கேட்டுட்டு இருக்க?"

"கதவு இல்ல. பத்து முடிஞ்சிருச்சுன்னு தட்டுறாக."

ஓவியாவுக்கு அது விளங்கவில்லை. விளங்க வேண்டுமென்றால் அந்த மேசையில் நின்றிருக்க வேண்டும்.

தினசரிக் காலண்டருக்குத் தாள் எடுக்கிற வேலை ஆடிப்பெருக்குக் கழிந்ததும் சூடு பிடிக்கும். நீளமான மேசையில் ஒரு மாசத்துக்கான தேதிகள், தேதிக்கு ஓர் அடுக்காக, முப்பத்தொரு அடுக்கு வரிசையாக இருக்கும். ஒன்றாம் தேதியிலிருந்து ஆரம்பித்து, அடுக்குக்கு ஒரு தாளாக வலது கையால் எடுத்து இடது கையில் சேர்த்துக்கொண்டே நடக்க வேண்டும். பத்துத் தாள் ஆனதும் மேசையில் ரெண்டு தட்டுத் தட்டி ஓரத்தை ஒழுங்கு பண்ணுவார்கள். இருபதில் ஒரு தடவை, முப்பதில் ஒரு தடவை. கடைசித் தாளையும் சேர்த்தால் ஒரு மாசம் ஆச்சு. வைத்துவிட்டு மறுபடியும் ஒன்றாம் தேதிக்குப் போக வேண்டும். மற்ற மாசங்களில் அதே மேசையில் பில் புக்கும் பள்ளிக்கூட நோட்டும் ஓடும். ஆனால் கை எல்லாருக்கும் காலண்டரில்தான் பழகியிருக்கும்.

ராமுத்தாய் ஒவ்வொரு பத்துக்கும் தட்டுவாள். மாரிச்செல்வி தட்ட மாட்டாள். பி.எஸ்சி. முடித்த கையோடு மேசைக்கு வந்தவள், மூணு சீசனில் தட்டாமலே எடுக்கிற கையாகிவிட்டாள். கண் பக்கத்தில் வைத்திருக்கிற பொது அறிவுக் குறிப்பில் இருக்கும், கை பாட்டுக்கு ஒன்று முதல் முப்பத்தொன்று வரை ஓடும். அண்ணாச்சியே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நின்று பார்ப்பார்.

"ஏம்மா, பாத்துக்கோங்க. கண்ணு பொஸ்தகத்துல இருக்கு, கை தேதியில இருக்கு. மிஷினு கெட்டுச்சு போ."

காலையில் மல்லாங்கிணற்றுப் பக்கத்து ஊர்களில் ஆள் ஏற்றிக்கொண்டு வருகிற வேன், சூலக்கரையில் ரெண்டு பேரை ஏற்ற கலெக்டர் ஆபீசுக்கு எதிரில் நிற்கும். அங்கே நிற்கும்போதெல்லாம், கூடத் தாள் எடுக்கிற கற்பகவல்லி டிரைவரைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்.

"ஏப்பா, கதவத் தொறந்து விடு. நம்ம ஆபீசரம்மா எறங்கணும்ல?"

"அத்தை, சும்மா இருங்க."

"நான் ஏன் சும்மா இருக்கணும்? நாளைக்கு நான் ஒரு பட்டாவுக்கு வந்து நின்னா, ஒக்காருங்கத்தைன்னு நீ சேர் போடணும். இப்பயே சொல்லி வச்சிருதேன்."

வேன் முழுக்கச் சிரிக்கும். மாரிச்செல்வியும் சிரிப்பாள். குரூப் ஃபோர் பரீட்சை வரைக்கும் அந்தச் சிரிப்பு நிஜமாக இருந்தது.

போன வருஷம் ஆனியில் பரீட்சை. இருநூறு கேள்வி, மூணு மணி நேரம். கேள்விகள் எல்லாம் படித்த மாதிரியே வந்தன. எண்பத்தெட்டாவது கேள்வியில் மட்டும் கொஞ்சம் தடங்கல். அப்புறம் பார்க்கலாம் என்று கேள்வியைத் தாண்டினாள். கண் எண்பத்தொன்பதுக்குப் போனது. கை போகவில்லை. மூணு சீசன் பழகிய கை, அடுத்து எந்த வட்டம் காலியாக இருக்கிறதோ அதைத் தீட்டியது. அதற்கு அடுத்தது, அதற்கும் அடுத்தது. கண் கேள்வியில், கை தாளில்.

இருநூறாவது கேள்விக்கு விடையைத் தீட்டி முடித்தாள். பார்த்தால், அடியில் ஒரு வரிசை காலியாக மிச்சம் இருந்தது.

மேசையில் வேலை பார்த்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். சாயங்காலம் அடுக்கெல்லாம் தீர்ந்துபோயிருக்கும்போது ஏதோ ஒரு தேதியில் மட்டும் ஒரு தாள் கிடந்தால் மிச்சம் விழுந்திருச்சு என்பார்கள். கட்டி வைத்த ஆயிரத்தில் ஏதோ ஒன்றில் அந்தத் தேதி இல்லை என்று அர்த்தம். காலண்டரையாவது பிரித்துத் தேடலாம். கறுப்புப் பேனாவால் தீட்டிய வட்டத்தை என்ன செய்ய? மணி அடித்துவிட்டது.

வீட்டில் அதைச் சொல்லவில்லை. "நல்லா எளுதிருக்கேன்" என்றாள். அப்பா கோட்டைச்சாமி மல்லாங்கிணற்றில் காராச்சேவு வாங்கி, தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்தார். சொல்ல வேண்டிய நாள் ஒவ்வொன்றும் தள்ளிப்போனது. ஆடி போனது, ஆவணி போனது. ஐப்பசியில் ரிசல்ட் வந்தபோது அவளுடைய இடம் லட்சங்களைத் தாண்டி எங்கேயோ கிடந்தது.

கோட்டைச்சாமி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. மக்காச்சோளம் கட்டுகிற சாக்கு ஒன்றை எடுத்து, அவள் புத்தகங்களை ஒவ்வொன்றாக உள்ளே வைத்து, சணலால் வாயைக் கட்டிப் பரணில் ஏற்றினார்.

"விடு தாயி. லட்சம் பேரு எளுதுறாக. நமக்கு எட்டலைன்னா எட்டலதான். அதுக்கு ஒன்னையக் கொற சொல்ல முடியுமா? நம்மூரு தங்கப்பாண்டி திருப்பூர்ல ஒரு கம்பெனியில சொல்லி வச்சிருக்கானாம். தைக்கு மேல வரச் சொல்லுதான். போய்ட்டு வா."

எட்டலை என்ற அந்த ஒரு சொல் அவளுக்குள் முள்ளாக நின்றது. எட்டியது, கைதான் தப்பியது என்று சொல்ல வாய் வரவில்லை. அதைச் சொல்வதைவிட மக்காக இருந்துவிட்டுப் போவது லேசாகத் தெரிந்தது.

கார்த்திகையில் ஒரு நாள், காலையிலிருந்து மழை. தாளெல்லாம் நமத்துப்போய்க் கைக்குப் பிசுபிசுவென்று இருந்தது. அன்றைக்கு மேசையில் மே மாசம். அம்மாவும் மகளும் எப்போதும் ஒரே வரிசையில்தான் எடுப்பார்கள். அம்மா முன்னால் போவாள், மகள் பின்னால். நாலு மணிவாக்கில் எல்லா அடுக்கும் தீர்ந்தது. அவர்கள் வரிசையில் ஒரே ஒரு தாள் கிடந்தது. மே இருபது.

"மிச்சம் விளுந்திருச்சு" என்று மேசைக்கு அந்தப் பக்கம் யாரோ சொன்னார்கள்.

கற்பகவல்லி அந்தத் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அடி ஆத்தீ, சுப முகூர்த்தம்னு போட்டுருக்கே! எவனோ ஒருத்தன் வீட்டுல பத்தொன்பதக் கிளிச்சா இருபத்தொண்ணு வரப்போகுது. அன்னைக்குத் தாலி கட்டணும்னு இருந்தவன் தப்பிச்சான்."

"பொண்ணு தப்பிச்சான்னு சொல்லு" என்றாள் இன்னொருத்தி.

அண்ணாச்சி வந்தார். சிரிப்பு நின்றது. அவர் கத்துகிற ஆள் இல்லை. தாளை வாங்கிப் பார்த்தார். கட்டி வைத்திருந்த அடுக்குகளைப் பார்த்தார். அப்புறம் ராமுத்தாயைப் பார்த்தார்.

"ராமுத்தாயி, வயசாயிருச்சும்மா. கை தளந்துபோச்சு. நாளையில இருந்து நீ பசை தடவுற பக்கம் போயிரு. இந்த வரிசைய ஒம்மக பாத்துக்கிடட்டும்."

பசை தடவுகிற பக்கம் என்றால் கூலி குறைவு. அதைவிட, மேசையை விட்டு இறங்குவது. பதினாறு வருஷமாக நிற்கிற இடம்.

ராமுத்தாய் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "சரி அண்ணாச்சி. எங்கைதான் தப்பியிருக்கும். மளையில தாளு ஒட்டிக்கிருச்சு."

மாரிச்செல்வி அம்மாவின் கையைப் பார்த்தாள். அன்றைக்குக் காலையிலிருந்து, பத்துக்கு ஒரு தரம், தனக்கு முன்னால் அந்தக் கை தட்டிக்கொண்டே போனது காதில் இருந்தது. இருபதாவது தாள் இல்லாமல் அந்தத் தட்டு விழுந்திருக்காது. அம்மாவுக்கும் அது தெரியும்.

"அண்ணாச்சி, அது என் கை" என்றாள்.

"ஒங்கையா? ஒங்கை தப்பாதும்மா."

"தப்பும் அண்ணாச்சி. பரீட்சையிலயே தப்பிருச்சு."

மழை மட்டும் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவள் சொல்ல ஆரம்பித்தாள். எண்பத்தெட்டைத் தாண்டியதை, கை தாண்டாததை, கடைசியில் ஒரு வரிசை மிச்சம் விழுந்ததை. அஞ்சு மாசமாகச் சொல்லாததைச் சொல்ல ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. முடித்துவிட்டு நின்றாள். யாராவது பாவம் என்று சொன்னால் அழுதுவிடலாம் என்று இருந்தது.

யாரும் சொல்லவில்லை. கற்பகவல்லி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"எம்புட்டுக் கேள்வி?"

"இருநூறு, அத்தை."

"இருநூத்துக்கும் ஒரு தட்டுக்கூடத் தட்டலியா?"

"தட்டல."

"கிறுக்கச்சி! முப்பத்தொண்ணுக்கே மூணு தட்டு வேணும். இருநூற ஒரே மூச்சுல எடுப்பாளாம். என்னமோ கவர்மெண்டு கேள்வி கடுசாக் கேட்டுட்டான்னு நாங்க வேன்ல அவன வஞ்சுக்கிட்டு வாரோம்."

ஒருத்தி சிரித்தாள். அப்புறம் மேசையே சிரித்தது. அதைக் கேட்டதும்தான் மாரிச்செல்விக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே எல்லோரோடும் சேர்ந்து அடுக்குகளை விசிறிப் பார்த்து மே இருபது இல்லாத அந்த ஒன்றைத் தேடினாள். ஆறரை மணிக்குக் கிடைத்தது. அண்ணாச்சி பசை பக்கம் பற்றி அப்புறம் பேசவே இல்லை.

வேனில் ராமுத்தாய் ஈரக் காற்றுக்கு முந்தானையை மகள் தலையிலும் சேர்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும், "ஒங்கப்பாகிட்ட நீயே சொல்லிரு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

கோட்டைச்சாமி கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டு வெயில் அடித்தது. களத்தில் தார்ப்பாயை விரித்து மக்காச்சோளக் கதிரைக் காயப்போட்டிருந்தார்கள். அப்பா பரணிலிருந்து சாக்கை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு களத்துக்கு வந்தார். சணலை அவிழ்த்தார்.

"பரீட்சையில குடுத்த கேள்வித்தாளு இதுக்குள்ள இருக்கா?"

"இருக்குப்பா."

"எடு. எதுல இருந்து மாறிப்போச்சு?"

"எம்பத்தெட்டுல இருந்து."

"அப்ப நூத்திப் பதிமூணு." அவர் நூற்றுப் பதிமூணு கதிரை எண்ணித் தன் பக்கத்தில் குவித்தார். "நான் கேக்கேன், நீ சொல்லு. சரின்னா கதிரு இந்தப் பக்கம். தப்புன்னா அந்தப் பக்கம். நீ பொய் சொல்ல மாட்டல்ல?"

"சரியான விடையப் பென்சில்ல குறிச்சிருக்கேன். நீங்களே பாத்துக்கோங்கப்பா."

அவர் எட்டாவது வரை படித்தவர். கண்ணாடி இல்லாமல், தாளைத் தூரத்தில் நீட்டிப் பிடித்துக்கொண்டு எழுத்தெழுத்தாக வாசித்தார். எண்பத்தெட்டு அந்தப் பக்கம் போனது. எண்பத்தொன்பது இந்தப் பக்கம் வந்தது.

"மனித ஒடம்புல பெரிய சுரப்பி?"

"கல்லீரல்."

"கரிசல் மண்ணுல நல்லா வெளையுறது எது? இது எனக்கே தெரியும். இதுக்குமா மார்க்குக் குடுக்கான்?"

"பருத்திப்பா."

"நமக்கு வெளையலியே, அதுக்கு எவன் மார்க்குக் குடுப்பான்? சரி, கிராமசபை வருசத்துக்கு எத்தன தடவ கூடணும்?"

"ஆறு."

"ஆறா? மெய்யாவா?" அவர் பென்சில் குறியைப் பார்த்தார். கதிரை இந்தப் பக்கம் போட்டார். "ஆறு தடவையா கூடுதாக? நான் ரெண்டுக்கு மேல போனதில்லையே."

ராமுத்தாய் கம்மங்கூழும் வத்தலும் கொண்டுவந்து வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். வெயில் தலைக்கு மேல் வந்தது. எண்ணி முடிக்கையில் அந்தப் பக்கம் பதினேழு கதிர். இந்தப் பக்கம் தொண்ணூற்றாறு. கோட்டைச்சாமி அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"எட்டலைன்னு சொல்லிட்டேனே தாயி" என்றார். "இம்புட்டும் உள்ள இருந்திருக்கு."

"நான் சொல்லியிருக்கணும்பா."

"சொல்லியிருக்கணும். ஆனா தங்கப்பாண்டிகிட்ட வாக்குக் குடுத்தாச்சு, தையில போகத்தான் வேணும். சாக்கையும் கொண்டு போ. இந்த ஒரு தடவ எளுதிப் பாரு. இதுலயும் கை தப்புச்சுன்னா அங்கனயே கெடந்து பீஸ் எண்ணு. நானும் அதுக்குமேல ஆசப்பட மாட்டேன்."

அப்படித்தான் அவள் திருப்பூருக்கு வந்தது. கம்பெனி விட்டு வந்து படிப்பதும், விடிகாலையில் தண்ணி லாரி வருவதற்குள் படிப்பதும் அவளுக்குக் கஷ்டமாக இல்லை. அறைச் சுவரில் அண்ணாச்சி கொடுத்த காலண்டரை மாட்டியிருந்தாள். மே மாசம் வந்தபோது தேதி தேதியாகக் கிழித்துக்கொண்டு போய், மே இருபது இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் அன்றைக்கு வேலைக்குக் கிளம்பினாள். அந்த மழை நாளின் நமத்த தாள் வாசம், தூக்குச்சட்டியைத் திறந்ததும் மேசையெல்லாம் பரவுகிற புளிக்குழம்பு வாசம், கற்பகவல்லி அத்தையின் வசவு எல்லாம் அந்தச் சின்னத் தாளுக்குள் இருந்தன. வேலை பார்த்தபோது எப்போது விடுவார்கள் என்று கிடந்த இடம்தான் அது.

மாதிரித் தேர்வு எழுதும்போது கை மறுபடியும் ஓடப் பார்த்தது. அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். பத்துக் கேள்விக்கு விடையைக் கேள்வித்தாளிலேயே குறிப்பது. குறியை எண்ணுவது. பத்து இருந்தால் விடைத்தாளில் தீட்டுவது. தீட்டியதும் விரல் முட்டியால் மேசையில் ரெண்டு தட்டு. தட்டு விழாமல் அடுத்த பத்துக்குக் கை போகக் கூடாது. முதல் மாசம் நேரம் பத்தவில்லை. பங்குனிக்குள் பத்தியது.

ஆனியில் பரீட்சைக்கு விருதுநகரையே மையமாகக் கேட்டு வாங்கியிருந்தாள். சனிக்கிழமை. செம்மண் புழுதியை வாரிப் போடுகிற காற்று. அப்பா டி.வி.எஸ். வண்டியில் கொண்டுவந்து பள்ளிக்கூட வாசலில் விட்டார். ரெண்டு பேனா போதுமா என்று மட்டும் கேட்டார்.

முதல் பத்து. டக்கு டக்கு. ரெண்டாவது பத்து. டக்கு டக்கு. ஆறாவது தட்டுக்கு மேற்பார்வைக்கு நின்ற ஆசிரியர் பக்கத்தில் வந்துவிட்டார்.

"என்னம்மா, தாளம் போடுற?"

"தாளம் இல்ல சார். பத்து முடிஞ்சிருச்சு."

"என்ன பத்து?"

"கேள்வி சார்."

அவர் அவள் முகத்தையும் முட்டியையும் பார்த்தார். "மெதுவாப் போடு. பக்கத்துல இருக்கவங்க எந்திரிச்சு ஆடிறப் போறாங்க" என்றுவிட்டு நகர்ந்தார். அதன் பிறகு சத்தமில்லாமல் தட்டினாள்.

பதினைந்தாவது பத்தில் எண்ணியபோது குறி ஒன்பதுதான் இருந்தது. பேனாவைக் கீழே வைத்தாள். நூற்று நாற்பத்தொன்று இருக்கிறது, ரெண்டு இருக்கிறது, மூணு, நாலு, அஞ்சு. நூற்று நாற்பத்தாறு இல்லை. பக்கத்தின் கடைசியில் இருந்த கேள்வி. புரட்டுகிற வேகத்தில் தாண்டியிருக்கிறாள். தட்டாமல் போயிருந்தால் அங்கிருந்து எல்லாம் மாறியிருக்கும். ஒரு மூச்சு விட்டுவிட்டு அதைப் படித்தாள். விடை தெரிந்ததுதான். குறித்தாள், எண்ணினாள், தீட்டினாள். டக்கு டக்கு.

இருபதாவது தட்டு முடிந்ததும் தாளின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். இருநூறுக்குக் கீழே வெள்ளையாக இருந்தது. வட்டம் ஏதும் இல்லை.

வெளியே வேப்பமரத்தடியில் அப்பா வண்டியைச் சாய்த்துவிட்டு நின்றிருந்தார். எப்படி எழுதினாய் என்று கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார்.

"மொதல்ல ஒங்கம்மாகிட்டப் பேசு. காலையில இருந்து ஏளு தடவ அடிச்சிட்டா."

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் பெருங்கூச்சல். "ஸ்பீக்கர்ல போடு மதினி, ஸ்பீக்கர்ல போடு" என்று கற்பகவல்லியின் குரல். அப்புறம் எல்லாம் அடங்கி, ராமுத்தாய் மட்டும் பேசினாள்.

"ஏத்தா."

"சொல்லும்மா."

"மிச்சம் விளுந்துச்சா?"

"இல்லம்மா. இருபது தட்டு. எல்லாம் சரியா இருந்துச்சு."

போனுக்குள் எங்கேயோ, ஒரு தட்டு விழுந்தது. டக்கு டக்கு. அதற்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. பிறகு மேசையில் இருந்த அத்தனை பேரும் சேர்ந்து தட்ட ஆரம்பித்தார்கள்.

கோட்டைச்சாமி தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார்.

"என்ன தாயி அது, கரகரன்னு? லைன் சரியில்லையா?"

"சரியாத்தான் இருக்குப்பா" என்றாள் மாரிச்செல்வி, போனைக் காதிலிருந்து எடுக்காமல்.